வெரைட்டி ஹாலு எங்கீங்க?

போன மாசம் டவுன்ஹால் பக்கம் ஒரு ஆட்டோ புடிச்சேன். டிரைவர் தம்பிக்கு இருபது வயசு இருந்தா அதிகம். "வெரைட்டி ஹால் ரோடு போகணும்"னேன். ஏறி உட்கார்ந்ததும் வாய் சும்மா இருக்குமா, "அந்த ஹாலு எங்கீங்க தம்பி இருக்குது?"ன்னு போட்டுப் பார்த்தேன்.

"போலீஸ் ஸ்டேஷன் தெரியுமுங்ணா. ஹாலெல்லாம் தெரியாதுங்."

அவனைச் சொல்லிக் குத்தமில்லை. ஹால் இப்ப இல்லை, இடிச்சாச்சு. நம்ம வயசுக்காரங்களுக்கே அது டிலைட் தியேட்டர்தான். அதுதான் 1914-ல சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டின வெரைட்டி ஹால்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

மனுஷன் திருச்சியில ரயில்வேக்கு வரைபடம் போட்டுட்டிருந்தவர். 1905-ல டூபாண்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர், உடம்புக்கு முடியாம ஊருக்குத் திரும்பறப்போ, அவர்கிட்ட இருந்த புரொஜக்டரையும் படச்சுருளையும் சுமார் ரெண்டாயிரம் ரூபா புரட்டி வாங்கிட்டார். வேலையை விட்டார். கூடாரத்தைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா கிளம்பிட்டார். (எங்க வீட்ல இதைச் செஞ்சிருந்தா தோலை உரிச்சிருப்பாங்க.)

கூடாரத்துல ஒரு வசதி இருக்கு. ஒரே படத்தை வெச்சுட்டு ஊரை மட்டும் மாத்திக்கிட்டே போகலாம். சுவர் எழுப்பி உட்கார்ந்துட்டா கதை தலைகீழ். அதே ஜனங்கதான் திரும்பத் திரும்ப வரும், படம் மாறிட்டே இருக்கணும். மௌனப் பட காலத்துல படத்துக்கு நடுவுல ஆட்டம், குஸ்தின்னு சேர்த்துக் காட்டறது வழக்கம். 'வெரைட்டி'ங்கிற பேர் எவ்வளவு பொருத்தம் பாருங்க.

கரண்டு? பைகாரா மின்சாரமே 1930-கள்லதான் நம்மூருக்கு. அதுக்கு முன்னாடியே அவரு சொந்தமா மின்சாரம் தயாரிச்சு, அதுலயே அச்சகமும் அரிசி மில்லும் ஓட்டினாரு. தென்னிந்தியாவுலயே முதல் நிரந்தர தியேட்டர்னு நாம மார்தட்டினா சென்னைக்காரங்க மவுண்ட் ரோடு எலெக்ட்ரிக் தியேட்டரைக் காட்டிச் சண்டைக்கு வருவாங்க. அந்தக் கட்டடமாவது போஸ்டாபீஸ் வளாகத்துக்குள்ள தப்பிச்சுக் கிடக்கு.

நான் டிலைட்டுக்குப் போனது ஒரே ஒரு தடவை. அப்புச்சி கூட, பழைய எம்ஜிஆர் படம். எனக்கு அப்ப கேஜி காம்ப்ளெக்ஸ்ல ராகம், தானம்னு ஏசி தியேட்டருங்க பழகியிருந்துச்சு. வாசல்லயே மூஞ்சியைச் சுளிச்சேன். அரண்மனை மாதிரி ஒண்ணும் கெடையாது, குடோன் மாதிரி நீளமா ஒரு கூடம். படம் ஓடறப்போ அப்புச்சி திரையைப் பாக்காம திரும்பித் திரும்பிப் பின்னாடி பாத்துட்டிருந்தார். வெளிச்சம் வர்ற ஓட்டையைக் காட்டி, "அந்த ரூமுக்கு மட்டும் ஏன் சன்னல் வெக்கல தெரியுமா கண்ணு?"ன்னார். பழைய நைட்ரேட் ஃபிலிம் பெட்ரோல் மாதிரி பத்திக்குமாம். தீப்புடிச்சா ஆபரேட்டரோட போகட்டும், ஜனங்க பக்கம் வராம இருக்கட்டும்னு கட்டினதாம். சாதாரணமாத்தான் சொன்னார். அப்புறம் ரொம்ப நேரம் நான் படத்தைப் பாக்கலை, அந்த ஓட்டையைத்தான் பாத்துட்டிருந்தேன்.

வெளிய வந்ததும், "இங்க நின்னு ஒரு போட்டோ எடு கண்ணு"ன்னு கேட்டார். கேமராவுல ரெண்டு படந்தான் மிச்சம். அடுத்த நாள் ஃபிரண்டு கல்யாணத்துக்கு வேணும்னு, "அடுத்த தடவை வர்றப்போ எடுக்கலாம் அப்புச்சி"ன்னேன். சரின்னுட்டார். அவருக்குக் கோபமே வராது, அதான் பிரச்சனை. அடுத்த தடவைன்னு ஒண்ணு வரவேயில்லை, அந்த வருஷமே போய்ச் சேர்ந்துட்டார். அந்தக் கல்யாண போட்டோவும் இப்ப எங்கன்னு தெரியலை.

ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். செல்போன்ல இப்ப ஆயிரம் படம் எடுக்கலாம். ரோட்டுப் பேர் எழுதின ஒரு பலகையை மட்டும் எடுத்துட்டு ஏறினேன்.

"யாராச்சும் சொந்தக்காரங்க வீடுங்களாண்ணா?"ன்னு கேட்டான் தம்பி.

"ஆமா தம்பி, எங்க அப்புச்சிது"ன்னேன்.