எந்த போல்ட்டில் கை வைப்பது?

பழைய டீசல் ஜீப் வைத்திருக்கும் எவரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேருவார். இதை நாமே பிரித்துப் பார்ப்பதா, பட்டறையில் விடுவதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா? போடிநாயக்கனூர்ப் பக்கம் ஏலத்தோட்ட வேலையிலேயே ஆயுளைக் கழித்தவன் நான். எங்கள் ஊரில் ஜீப் வாங்குவது பிழைப்புக்காக. விடியும் முன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஏறும். சாயங்காலம் அவர்களோடு இறங்கும். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளை எந்த வண்டியும் ஏறிவிடும். அதற்கப்புறம் தோட்டத்துக்குள் போகிற பாதையில் கல்லும் சேறும்தான். அங்கே நான்கு சக்கரமும் இழுத்தால்தான் வேலைக்குப் போய்ச் சேர முடியும்.

என்னிடம் யோசனை கேட்டு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் அப்பா ஓட்டிய ஜீப்பை வைத்திருப்பவர்கள். "மாமா, எம்.எம். 540. இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. புகை தள்ளுது. இன்ஜினை இறக்கணும்ங்கிறாங்க. நானே பார்க்கட்டுமா?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "என்ன நோய்னு தெரிஞ்சுதா?" தெரிந்திருக்காது. அவசரத்தில் இருக்கும் பட்டறைக்காரருக்கும் சில நேரம் தெரிந்திருக்காது. நோயைக் கண்டுபிடிப்பது வண்டிக்காரனின் வேலை, அதை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஸ்பானரை யார் பிடிப்பது என்பது அதற்குப் பிறகு வருகிற பேச்சு.

அந்தக் காலத்து டீசல் ஜீப்பை நம்மால் புரிந்துகொள்ள முடியும். அது எவ்வளவு பெரிய வசதி என்பது புது வண்டிக்கு மாறிய பிறகுதான் பலருக்கு உறைக்கிறது. 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே கொண்டுவந்து பூட்டத் தொடங்கிய மகிந்திரா, பின்னால் டீசலுக்கு மாறி, பிரான்ஸ் நாட்டு பெஜோ இன்ஜினை உரிமம் வாங்கிச் செய்தது. எம்.எம். 540-ல் இருப்பது அந்த 2112 சிசி இன்ஜின்தான், 62 குதிரைத்திறன். டீசலை அளந்து நாசிலுக்கு அனுப்புவது முழுக்க முழுக்க மெக்கானிக்கலாக இயங்கும் ஒரு பம்பு. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. காற்று வர வேண்டும், டீசல் வர வேண்டும், உள்ளே போதிய அழுத்தம் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தால்தான் தகராறு. 2010-ல் வந்த தார் சிஆர்டிஇ வண்டிக்கு இது பொருந்தாது. அதில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் ஓடுகிறது. ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. நான் இங்கே பேசுவதெல்லாம் பழைய பம்பு வண்டியைப் பற்றி.

முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினை அல்ல, சேசிஸை. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கிறது. அவர்களுக்கு பானட்டைத் திறக்கத்தான் ஆசை. ஆனால் இன்ஜின் வேலை என்பது பணம் சம்பந்தப்பட்டது. பணம் இருந்தால் எந்த இன்ஜினையும் திருப்பி எடுத்துவிடலாம். சேசிஸ் இற்றுப்போனால் வண்டியின் ஆயுளே போய்விட்டது. மலையில் நான்கைந்து மாதம் மழை. ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் பிராக்கெட்டுக்குப் பின்னால், பாடி உட்காரும் இடங்களில், ஸ்டியரிங் பாக்ஸ் பூட்டியிருக்கும் இடத்தில் சேறு அப்பிக்கொண்டு வருடக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அதையெல்லாம் சுரண்டிக் கழுவிவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். இற்றது மந்தமாகக் கேட்கும். சந்தேகம் வந்த இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் நின்று யோசியுங்கள். தகரம் ஓட்டையாவது பெரிய விஷயம் இல்லை, டிங்கர் பார்த்துக்கொள்வார். ஸ்டியரிங் பாக்ஸ் அடியில் சேசிஸ் விரிசல் விட்டிருந்தால் அந்த ஜீப்பின் இன்ஜினில் ஒரு ரூபாயும் போட வேண்டாம்.

சேசிஸ் தேறினால் புகைக்கு வரலாம். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். முதல் சில நிமிடம் வெள்ளையாகத் தள்ளி, சூடேறியதும் நின்றுவிட்டால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். அதை நாமே கழற்றி, பேட்டரியில் வைத்துச் சிவக்கிறதா என்று பார்த்து, மாற்றியும் விடலாம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். ஏற்றத்தில் கறுப்பாகத் தள்ளினால் டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு. முதலில் ஏர் கிளீனரைக் கழுவி எண்ணெய் மாற்றிவிட்டுப் பாருங்கள். ஆயில் ஊற்றுகிற அந்தப் பழைய ஏர் கிளீனரைப் பலர் வருடக்கணக்கில் திறப்பதே இல்லை. நீலப் புகையும் நல்ல சேதி அல்ல. இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்து ஜீப் ஏற்றத்தில் பாதியில் அணைந்து அணைந்து நின்றுகொண்டிருந்தது. டீசல் லைனில் ஏர் எடுத்தால் ஓடும், மறுபடி நிற்கும். ஒரு பட்டறையில் பம்பையே கழற்றி வேலை பார்த்துக் கொடுத்தார்கள். அதன் பிறகும் நின்றது. கடைசியில் குற்றவாளி, டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வருகிற ஒரு சாண் ரப்பர் ஹோஸ். வெயிலில் வெடித்துப்போன அந்த ஹோஸில் ஒரு சொட்டு டீசல்கூடக் கசியவில்லை. ஏனென்றால் அது டீசலை உறிஞ்சுகிற பக்கம். வெளியே கசியாமல் காற்றை உள்ளே இழுக்கும். அதனால்தான் ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு துண்டை அந்த இடத்தில் மாட்டி ஓடவிட்டுப் பார்த்தால் குமிழி வருவது தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு அந்த ஹோஸ் துண்டும் ஒரு திருப்புளியும் போதும். நாடி பிடிக்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் நாம் போவதில்லையே, வண்டியை மட்டும் ஏன் அப்படி விட வேண்டும்?

அதேபோல, ஐட்லிங்கில் ஓடும்போது ஒவ்வொரு நாசிலுக்கும் வருகிற பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாம். சத்தம் தடுமாறினால் அந்த சிலிண்டர் நன்றாக வேலை செய்கிறது. ஒன்றும் மாறவில்லை என்றால் அதுதான் நொண்டி. இதைச் செய்யும்போது விரலை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பீய்ச்சியடிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கெட்டுப்போகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். கையுறையை நம்பியும் செய்ய வேண்டாம். சிஆர்டிஇ வண்டியில் இந்தச் சோதனையை நினைத்தும் பார்க்காதீர்கள்.

இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று மேலே தள்ளுகிறதா? அதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். நீலப் புகையும் பேக் கம்ப்ரஷனும் சேர்ந்து இருந்தால் இன்ஜின் வேலை வந்துவிட்டது. அதற்குமேல் தள்ளிப்போட வழி இல்லை. மூடியின் உள்பக்கம் தயிர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் உடனே பயப்பட வேண்டாம். மலைக் குளிரில் ஈரம் சேர்ந்தும் அப்படி வரும். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயிலே வெளுத்திருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்போது வண்டியை ஓட்டக் கூடாது.

இனி, யார் கை வைப்பது? ஆயில், ஃபில்டர், ஹோஸ், பெல்ட், ஹீட்டர் பிளக், யு-ஜாயின்ட் கிராஸுக்கு கிரீஸ் அடிப்பது, ஹப்பைத் திறந்து பார்ப்பது எல்லாம் உங்கள் வேலை. அதைப் பட்டறைக்கு அனுப்புகிறவர் வண்டியோடு உறவை அறுத்துக்கொள்கிறார். கீழே படுத்து கிரீஸ் அடிக்கிறபோதுதான் எந்த சீல் கசிகிறது, எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று கண்ணில் படும். முன் ஆக்ஸிலை வருடக்கணக்கில் சும்மா வைத்திருக்காமல், மாதம் ஒருமுறையாவது சேற்றிலோ மண் பாதையிலோ ஃபோர் வீல் போட்டு ஓட்டுங்கள். தார் ரோட்டில் போட வேண்டாம். வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடுகிறது. அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள இந்த ஜீப்பில் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. மண்ணில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடமில்லாமல் எல்லாம் முறுக்கிக்கொண்டு கிராஸும் கியரும் அடிவாங்கும்.

பம்பையும் நாசிலையும் கழற்றிக் கொண்டுபோவது வரை உங்கள் கை. அதைப் பிரிப்பது பம்பு வேலைக்கென்றே மேஜை வைத்திருப்பவர் கை. அதற்குள் இருக்கும் இடைவெளிகள் தலைமுடியின் கனத்தைவிடச் சிறியவை; வீட்டுத் திண்ணையில் வைத்துத் திறந்தால் ஒரு தூசி போதும் கெடுக்க.

பிரேக், ஸ்டியரிங் விஷயத்தில் நான் மிகவும் கண்டிப்பானவன். வீல் சிலிண்டர் மாற்றுவதும் லைனிங் மாற்றுவதும் கடினமான வேலைகள் இல்லை. புத்திசாலிப் பிள்ளை ஒருவன் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டுவிடுவான். கேள்வி அதுவல்ல. இன்ஜின் வேலையில் தப்பு நேர்ந்தால் வண்டி நின்றுவிடும். நின்ற வண்டியால் யாருக்கும் கெடுதல் இல்லை. பிரேக்கில் நேர்ந்தால் வண்டி நிற்காது. நான்கு டிரம்மையும் நம்பி, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போது டிரம் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொன்னார்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவனை மன்னிக்க எனக்கு மனம் வராது. பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இரவு ஆக்கி வைத்த சோற்றைத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு ஏறியவர்கள். அவர்கள் வண்டியின் அடியைக் குனிந்து பார்ப்பதில்லை. நம் முகத்தைப் பார்த்து ஏறுகிறார்கள். ஆகவே பிரேக், ஸ்டியரிங் இரண்டையும் நீங்களே செய்தாலும், அனுபவமுள்ள இன்னொருவர் கண் பார்த்து, ஓட்டியும் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் ஆள் ஏற்ற வேண்டும்.

உங்கள் உயிரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ கொடுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, வண்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் படுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம், சொல்லாமல் நொறுங்கும்.

பணக் கணக்கைத் தள்ளிவிட முடியாது. பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபதிவு செய்ய வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5000 ஆயிற்று. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. இன்ஜினையே மாற்றினால் புது எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். சாமானில் கஞ்சம் பார்க்காதீர்கள். பேரிங், சீல், பிரேக் சாமான் மூன்றையும் கம்பெனி சாமானாகவே வாங்குங்கள்.

நேரக் கணக்கு அதைவிடப் பெரியது. தினமும் லோடு அடித்துப் பிழைக்கும் வண்டியைப் பிரித்துப்போட்டுவிட்டுச் சாமானுக்குக் காத்திருக்க முடியாது. அதைப் பட்டறையில்தான் விட வேண்டும். வேறொரு வண்டி இருந்து, இது கொட்டகையில் காத்திருக்கலாம் என்றால், நீங்களே பிரிக்கலாம். பிரிப்பதற்கு முன்னால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், போல்ட்டுகளை இடம் வாரியாக டப்பாக்களில் போடுங்கள். ஹெட் பூட்டும்போது டார்க் ரெஞ்ச் இல்லாமல் பூட்டாதீர்கள். களைப்பு வந்தால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள். இருட்டிய பிறகு, "இதை மட்டும் முடிச்சுட்டு வந்துர்றேன்" என்று பூட்டுகிற போல்ட்டில்தான் மரை போகும்.

என்னைக் கேட்டால் இரண்டுக்கும் நடுவில் உள்ள வழிதான் சிறந்தது. சின்ன வேலையை நீங்கள் செய்யுங்கள். இன்ஜின் வேலையை நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, அவர் அனுமதித்தால் கூடவே இருங்கள். சாமானைக் கழுவிக் கொடுங்கள், அவர் கேட்கும் ஸ்பானரை எடுத்துக் கொடுங்கள், ரிங் தேய்ந்திருப்பதைக் கையில் வாங்கித் தடவிப் பாருங்கள். பம்பு வண்டிகளைக் காதால் கேட்டே சொல்லத் தெரிந்த மேஸ்திரிகள் தேனியிலும் கம்பத்திலும் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வயதாகிறது. கூட நின்று கேட்க ஆள் இல்லாமல் அந்த வித்தை அவர்களோடு போய்விடக் கூடாது என்பது என் பெரிய கவலை. பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். நாசில் எந்தக் கை தன்னைக் கழற்றுகிறது என்று பார்ப்பதில்லை.

இத்தனையும் யோசித்த பிறகு விற்பதுதான் சரி என்று பட்டால் விற்றுவிடுங்கள்; அதில் அவமானம் எதுவும் இல்லை. வாங்குகிறவரிடம் உள்ள நோயைச் சொல்லி விற்றால் போதும். வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால், இந்த மழை தொடங்குவதற்கு முன் சேசிஸையும் பிரேக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதுவரை அந்த ஜீப்பில் கூலிக்கு ஒருவரையும் ஏற்றாதீர்கள்.