பேரனின் காரும் நீல உருளையும்

லாங் பஜாரில் குடியிருப்பவன் வேகத்தைப் பற்றி எழுதுவதே வேடிக்கைதான். மண்டித் தெருப் பக்கமிருந்து மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று குறுக்கே திரும்பினால் போதும், கால் மணி நேரம் எதுவும் நகராது. அந்தத் தெருவுக்கு ஸ்விஃப்ட் காரில் வந்து இறங்கிய என் பேரன் போன தீபாவளி அன்று கேட்டான்:

"தாத்தா, வண்டிக்கு நைட்ரஸ் போடப் போறேன். ஆர்.சி.யில ஏத்தணுமா? நீங்கதான் அந்த ஆபீஸ்ல இருந்தவராச்சே."

பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்றாம்.

நைட்ரஸ் ஆக்சைடு என்று விரித்துச் சொன்ன பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் நான். எங்களுக்கு அது 'புரோட்டாக்ஸீத் தஸோத்'. சிரிப்பூட்டும் வாயு என்று வாத்தியார் சொன்னதும் வகுப்பே சிரித்தது. 1844-இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் டாக்டர் அதை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கச் சொன்னவர். ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்க வைத்திருக்கும் நீல உருளையில் இருப்பதும் இதுதான். அந்த நிறத்துக்குப் பெயரே பிரெஞ்சு நீலம்! என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது அந்த உருளையைத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தபடி வெளியே உட்கார்ந்திருந்தேன். அது காருக்கு எதற்கு?

பேரன் நன்றாகவே விளக்கினான். இன்ஜினுக்குள் பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் விடலாம், அதை எரிக்கக் காற்று போதாது. காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 சதவீதம்தான், இந்த வாயுவில் 36. சிலிண்டரின் சூட்டில், சுமார் 300 டிகிரியில், அது பிரிந்து ஆக்சிஜனை விடும். திரவமாக உள்ளே பாய்ந்து ஆவியாகும்போது காற்றையும் குளிர வைக்கும். கூடவே அதிகப் பெட்ரோலும் போக வேண்டும். போகாவிட்டால் பிஸ்டனே உருகும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் உயரத்தில் பறக்கும் விமானங்களுக்கு இதைச் செய்தார்கள். பிள்ளைகளுக்கோ 2001-இல் வந்த 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படம்தான் வேதம்.

"அந்த உருளை எங்கே இருக்கும்?" என்றேன்.

"டிக்கியில."

"உள்ளே அழுத்தம் எவ்வளவு?"

"தொள்ளாயிரம் பி.எஸ்.ஐ. இருக்கும்."

கார் டயரில் முப்பது. இந்த வாயு 36 டிகிரிக்கு மேல் திரவமாக நிற்காது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நம் வேலூரில் மே மாதம் வெளியிலேயே 40 தாண்டுகிறது. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியைக் கேட்கவே வேண்டாம். அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து வழிவிட வால்வில் ஒரு தகடு உண்டாம். அப்படி வெளியே வரும் வாயு போகக் குழாய் வைக்கிறானா உன் மெக்கானிக் என்றேன். பையன் முதல் தடவையாகப் பதில் சொல்லவில்லை.

சட்டத்தையும் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

"யாரு தாத்தா டிக்கியைத் திறந்து பாக்கப் போறாங்க?"

அப்போதுதான் வீட்டில் யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். எண்பதுகளில் பெட்ரோல் அம்பாசடரில் டீசல் இன்ஜின் மாற்றுவது சகஜம். மாற்றியதும் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஒரு டாக்ஸிக்காரர் அதற்காக என் மேசைக்கு வந்தார். ஒரு கையெழுத்து குறைந்தது. அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர் வரவில்லை. சவாரி இருந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து விபத்து. புத்தகத்தில் பெட்ரோல், வண்டியில் டீசல். வண்டிக்கு இன்சூரன்ஸ் பணம் வரவில்லை. காலில் கட்டோடு மஞ்சள் பையில் காகிதங்களைக் கொண்டுவந்து என் முன்னால் நின்றார். விதிப்படி நான் செய்தது சரி. ஆனாலும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. யார் டிக்கியைத் திறப்பார்கள் என்றால், விபத்துக்கு அப்புறம் எல்லாரும் திறப்பார்கள்.

"அவருக்காவது ஒரு கையெழுத்துதான் பாக்கி. உனக்கு எழுதித் தர எந்த ஆபீஸிலும் காலமே கிடையாதுடா," என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டுப் போனான். நான்கு நாள் கழித்து போன் வந்தது. அட்வான்ஸில் ஏழாயிரம் திரும்பி வந்ததாம், மூவாயிரம் போனது போனதுதான். வேகம் பார்க்க ஆசையாக இருந்தால் இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதைக்குப் போகலாம், நானும் வருகிறேன் என்றேன். சோழவரத்தில் விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில் ஒரு தடவை போயிருக்கிறேன். காது இரண்டு நாள் இரைந்தது.

போன ஞாயிறு அதற்காகத்தான் கிளம்பினோம். வீட்டு வாசலிலேயே வெங்காய மூட்டை வண்டி குறுக்கே. இருபது நிமிடம்.

"இதுக்கு நைட்ரஸ் போட்டா நகருமா தாத்தா?" என்றான்.