பெயரை மறைக்கச் சொன்னேன்



எங்கள் மதரஸாவில் ஓதிய மாணவர் ஒருவர், விமானியாவதற்கான பயிற்சிக்கு அமெரிக்கா செல்ல விண்ணப்பித்துள்ளார். சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார்.

"ஹஜ்ரத், பாதுகாப்புச் சோதனைக்கு எனக்குள்ள எல்லாப் பெயர்களையும், எழுத்து மாற்றங்களையும் கேட்கிறார்கள். கடவுச்சீட்டில் முஹம்மது ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருக்கிறது. இரண்டையும் எழுதட்டுமா?"

"ஒன்றை மட்டும் எழுது தம்பி. வீண் சந்தேகத்திற்கு ஏன் இடம் கொடுக்கிறாய்?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

2001 செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்திப் பேரழிவு செய்தவர்களில் சிலர், அமெரிக்காவிலேயே விமானம் ஓட்டக் கற்றவர்கள். அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே இச்சோதனை வந்தது. 2004 முதல் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இதனை நடத்துகிறது. கைரேகையும் கடவுச்சீட்டு விவரமும் பெற்று ஆராய்கிறார்கள். அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கென வகுக்கப்பட்ட விதி இது. மதத்தைப் பார்த்து வகுக்கப்பட்டதன்று. ஆயினும் நம் பெயர்களைக் கண்டதும் புருவம் உயர்த்துவோர் உண்டு என்னும் அச்சமே என்னை அவ்வாறு பேச வைத்தது.

மறுநாள் ஹதீஸ் கலை வகுப்பில் 'தத்லீஸ்' பற்றிய பாடம். அறிவிப்பாளர் ஒருவர், தம் ஆசிரியரை யாரும் அடையாளம் காணாதபடி, பலர் அறியாத பெயரால் குறிப்பிடுவதும் அதில் ஒரு வகை. பெயர் மறைந்தால் அவர் நம்பத்தக்கவரா என்று ஆராய வழியில்லை. ஆகவே அறிஞர்கள் அதனைக் குறையாகக் கண்டனர். இதை விளக்கும்போதே என் நா தடுமாறிற்று. முந்தைய நாள் நான் கற்பித்தது என்ன?

விமானி என்பவர் பிறர் உயிர்களை அமானிதமாகச் சுமப்பவர். அவரைத் தீர விசாரிப்பது அவமதிப்பாகாது. ஒளித்த பெயர் பின்னர் வெளிப்பட்டால், இல்லாத சந்தேகத்தை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

அன்று மாலையே அவர் வீட்டிற்குச் சென்று, "நான் சொன்னது தவறு தம்பி. இரண்டையும் எழுது" என்றேன்.

"நேற்றே இரண்டையும் எழுதி அனுப்பிவிட்டேன் ஹஜ்ரத். உங்களிடம் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது" என்றார். வெட்கமும் மகிழ்ச்சியும் ஒருங்கே வந்தன.

பெற்றோர்களே, பிள்ளையின் பெயரைப் பிறப்புச் சான்றிதழ் முதல் ஒரே எழுத்தில் பதியுங்கள். மதரஸாப் பதிவேட்டை இனி நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

அவருக்கு இன்னும் பதில் வரவில்லை. அல்லாஹ் நலவானதை நாடுவானாக. துஆச் செய்யுங்கள்.