படிக்கட்டு விளக்கும் பந்தல் அவரையும்

போன ஆவணியில் ஒரு ராத்திரி, பேத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். சென்னை மடிப்பாக்கத்தில் அவள் குடியிருக்கும் வாடகை வீட்டின் மொட்டை மாடி. கயிறு இழுத்துக் கட்டிய பந்தலில் அவரைக்கொடி தளதளவென்று ஏறிக் கிடக்கிறது. இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "அம்மாயி, நாலு மாசம் ஆச்சு. ஒரு பூ இல்ல. விதைக்கடைக்காரன் ஏமாத்திட்டான். நாளைக்குப் பிடுங்கிடப் போறேன்."

மணி பத்தரை. என் வயதுக்காரர்கள் அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுப்பவர்களுக்கு நெஞ்சு பதறும் என்று தெரியும். ஆனாலும் அடித்தேன்.

"கொடியைத் தொடாதே. எப்ப விதைச்ச?"

"தமிழ்ப் புத்தாண்டு அன்னைக்கு. நல்ல நாளாச்சேன்னு."

நல்ல நாள்தான். ஆனால் அவரையைக் கேட்டுக் குறித்த நாள் இல்லை.

அன்று போனில் அவளிடம் சொன்னது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன். அவளைப் போலவே நாலு குரோ பேக் வாங்கி மாடியில் வைத்துவிட்டு, அடுத்து என்ன என்று நிற்கிற பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள்.

முதலில் என் கதை. 1979. கல்யாணமாகி லால்குடிக்கு வந்த முதல் வருஷம். ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் என் மாமியார் கொல்லைப்புறத்தில் கூரையோரமாக நாலு அவரை விதை ஊன்றினார். ஐப்பசி மழையில் கொடி கூரையேறி ஓட்டையே மூடிவிட்டது. பூ மட்டும் இல்லை. கொசு மட்டும் நிறைய. நான் தாவரவியல் பி.எஸ்சி. இது மலட்டுக்கொடி என்று நானே தீர்ப்பெழுதி, மாமியார் வெளியூர் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வேரோடு இழுத்து எருக்குழியில் போட்டேன். வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டு வேலி முழுக்க ஊதாவாகப் பூத்துக்கொண்டு நின்றது. அதே விதைதான், இவர் கொடுத்தது. பொங்கலன்று சந்தையில் வாங்கிவந்த அவரைக்காயை அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "பாத்து நறுக்கும்மா, காசு குடுத்த காய்" என்றார். அவர் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான்.

இதில் என்னை இன்னும் உறுத்துவது வேறு. 'குறும்பகல் தாவரங்கள்' என்று கல்லூரியில் நான்கு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். கொல்லையில் நின்றபோது அதில் ஒரு வரி நினைவுக்கு வரவில்லை. பரீட்சைக்குப் படித்தது பரீட்சை மண்டபத்திலேயே தங்கிவிட்டது.

அந்த நான்கு பக்கத்தின் சாரம் இது. அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், அல்லார்ட் என்று இரண்டு பேர். 'மேரிலாண்ட் மம்மத்' என்ற புகையிலை கோடை முழுக்க ஆளுயரத்துக்கு மேல் வளருமாம், பூக்காதாம். அதையே குளிர்காலத்தில் கண்ணாடிக்கூடத்துக்குள் வைத்தால் பூத்தது. எரு, வெப்பம், ஈரம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து அலுத்து, கடைசியில் கோடைச் செடியைச் சாயங்காலமே இருட்டுக் கொட்டகையில் அடைத்துப் பார்த்தார்கள். பூத்தது. செடி பார்ப்பது பகலின் நீளத்தை என்று 1920-இல் எழுதினார்கள். உண்மையில் செடி அளப்பது இரவின் நீளத்தை என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

பந்தல் அவரை அந்த ஜாதி. சென்னையில் ஆனி மாதத்துப் பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம். மார்கழியில் 11 மணி 20 நிமிடம். இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் நமக்கு உறைக்கிறதா? அவரைக்கு உறைக்கும். சித்திரையில் போட்டாலும் ஆடியில் போட்டாலும், இரவு நீள்கிற வரை இலை விட்டுக்கொண்டே காத்திருக்கும். நம் ஊரில் 'அவரை பனிக்குப் பூக்கும்' என்பார்கள். சொன்னவர்களுக்குப் புகையிலைக் கதை தெரியாது. செவ்வந்தியும் டிசம்பர் பூவும் இதே கூட்டம். சித்திரையில் விதைத்த பேத்தி நஷ்டப்பட்டது மூன்று நான்கு மாதத் தண்ணீர், அவ்வளவுதான். பனிக்காலம் வரைக்கும் பொறுக்க முடியாதென்றால் இடுப்பளவு வளரும் செடி அவரை இருக்கிறது, குத்தவரை என்றும் சொல்வார்கள். அது மாதம் பார்க்காது. ருசி என்று கேட்டால் நான் பந்தல் கட்சி.

பட்டம் என்று நம்மவர்கள் சொல்வதெல்லாம் இப்படி ஒவ்வொரு செடியின் கணக்கு. ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை ஏதோ ராசி என்று நினைத்துவிடாதே. ஆடியில் வெயிலின் கொடுமை தணிகிறது, அங்கங்கே தூறல் போடுகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை கொட்ட வருவதற்குள் செடிக்கு இரண்டரை மாதம் கிடைக்கிறது. அதற்குள் வேர் இறங்கித் தண்டு முற்றிவிட்டால் அடைமழையைத் தாங்கும். ஐப்பசியில் போய்க் கீரை விதைத்தால் முளைத்த மறுநாள் மழை அதை மண்ணோடு அறைந்துவிடும். ஆகவே கத்தரி, மிளகாய், வெண்டை, பூசணி, சுரை, புடல், பீர்க்கு, பாகல் எல்லாம் ஆடி. ஒரே எச்சரிக்கை: அம்மியைப் பறக்கவிடும் காற்றும் ஆடியில்தான். மாடிப் பந்தலின் கால்களை மணல் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் நிறுத்து. மார்கழிக்கு முன்னால் கொத்தமல்லி, முள்ளங்கி. தையில் மறுபடி வெண்டை, கொத்தவரை, வெள்ளரி. சித்திரை வெயிலில் புதிதாக எதுவும் ஆரம்பிக்காதே. இருக்கிற செடிக்கு மேலே பச்சை வலையும், காலடியில் காய்ந்த இலை மூடாக்கும் போட்டு உயிரைக் காப்பாற்று, போதும். வேண்டுமானால் ஒரு பையில் பருப்புக்கீரை.

கொத்தமல்லிக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. நகரத்துப் பிள்ளைகள் எல்லோரும் முதலில் போடுவது அதுதான், தோற்பதும் அதில்தான். கடையில் வாங்கும் தனியா ஒவ்வொன்றும் இரண்டு விதை. செருப்பின் அடியால் மெதுவாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ராத்திரி ஊறவைத்து விதைக்க வேண்டும். குளிர்ச்சி இருந்தால் நாற்பது நாளில் கட்டு கட்டாக வரும். பங்குனியில் போட்டால் வரும், ஆனால் நாலு இலை விட்டதுமே தண்டு நீட்டிப் பூத்து முடித்துக்கொள்ளும். வெயிலைக் கண்ட செடி அவசர அவசரமாக விதை வைத்துவிட்டுப் போகப் பார்க்கிறது. பாவம், அதைக் குறை சொல்ல முடியுமா?

போன வருஷமே பேத்திக்கு இன்னொரு புகார் இருந்தது. "சுரைப் பூவெல்லாம் உதிருது அம்மாயி." உதிரட்டும். சுரையும் பூசணியும் முதலில் வைப்பது ஆண் பூ. அது காம்பு நீண்டு மெலிந்திருக்கும். ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் பெண் பூ வரும். அதன் அடியில் கட்டை விரல் அளவில் குட்டிக் காயே ஒட்டிக்கொண்டிருக்கும். மார்கழிக் கோலத்தில் சாணியின் மேல் பூசணிப்பூ வைக்கிறோமே, அதற்கு வீட்டுப் பெண்கள் பறித்தது ஆண் பூவைத்தான். வாசலும் நிறைந்தது, காயும் குறையவில்லை. நாலு ஆண் பூவை மட்டும் கொடியில் விட்டுவைப்பார்கள். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை.

பெண் பூ வந்தும் பிஞ்சு வெம்பி விழுந்தால் அப்போது கவலைப்படு. பூசணிப்பூ விடியலில் விரிந்து காலை வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். அதற்குத் தேனீ வரும். சுரைப்பூ வெள்ளை, சாயங்காலம் விரியும். அதற்கு அந்திப்பூச்சிதான் வர வேண்டும். மூன்றாம் மாடிக்கு அது ஏறி வருமா என்பது சந்தேகம். ஆபீஸிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றிய கையோடு மேலே போய், ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழை உரித்துவிட்டு அதன் நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் தடவிவிடு. ஐந்து நிமிஷ வேலை. நேரம்தான் முக்கியம். மறுநாள் காலையில் தடவினால் சும்மா.

இவ்வளவு சொன்னதும் எல்லாவற்றையும் காலத்தின் தலையில் கட்டிவிடாதே. மாதம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் உன் கையைப் பார். அரைக்கீரை விதையை மணலோடு கலந்து தூவாமல் கொத்தாகக் கொட்டினால், நூறு முளைத்து ஒன்றும் தேறாது. களைந்துவிட மனசு வராது உனக்கு, தெரியும். என்னுடைய முதல் மல்லிகைக்கும் அப்படித்தான். கார்த்திகையில் கவாத்து செய்ய வேண்டிய செடி. முழங்கால் உயரத்துக்கு மேல் இருப்பதையெல்லாம் வெட்டித் தள்ளினால்தான் பங்குனியில் புதுக்கிளை முழுக்க மொட்டு வைக்கும். பச்சையாக இருக்கிறதே, எப்படி வெட்டுவது என்று இரண்டு வருஷம் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். இரண்டு வருஷமும் கொண்டையில் வைக்க நாலு பூ தேறவில்லை. தண்ணீரும் அப்படித்தான். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பார், ஈரம் இருந்தால் பூவாளியைக் கீழே வை. மாடியில் செத்த செடிகளில் முக்கால்வாசி தாகத்தில் சாகவில்லை, பாசத்தில் செத்தன.

அவரைக்கு வருகிறேன். பேத்தி பிடுங்கவில்லை. ஐப்பசி மழையில் கொடி தப்பியது. கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் படம் வந்தது: பூ! ஆனால் கூடவே ஒரு கேள்வி. பந்தலில் கிழக்குப் பாதி முழுக்க ஊதா, மேற்குப் பாதியில் ஒன்றுமில்லை. ஒரே கொடி, ஒரே பை, ஒரே எரு.

"மேற்குப் பக்கம் என்ன இருக்கு?"

"படிக்கட்டுக் கதவு."

"விளக்கு இருக்கா?"

இருந்தது. வீட்டுக்காரர் திருட்டுக்குப் பயந்து கதவுக்கு மேலே மாட்டிய பெரிய எல்.இ.டி. விளக்கு, ராத்திரி முழுக்க எரிவது. அந்தப் பாதிக்கு ஆனியிலும் இரவில்லை, மார்கழியிலும் இரவில்லை. செவ்வந்தி வளர்க்கிறவர்கள் வேண்டுமென்றே பசுமைக்குடிலில் ராத்திரி பல்பு போட்டுப் பூவைத் தள்ளிப்போடுவார்கள். இங்கே அது தெரியாமல் நடந்திருக்கிறது.

எல்லாருக்கும் ஒரு காலம் வரும் என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். நானும் வகுப்பில் தோற்ற பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து சொல்வதை நிறுத்திவிட்டேன். காலம் வந்தது, ஆனால் விளக்கடியில் நின்ற பாதிக்கு அது வந்ததே தெரியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் முகத்தில் போன் வெளிச்சத்தோடு படுத்திருக்கும் பேத்தியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொல்லவில்லை. அவரையைப் பற்றி மட்டும் பேசினேன்.

வீட்டுக்காரர் விளக்கை அணைக்க ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பயம் அவருக்கு. பேத்தி என்ன செய்தாள் தெரியுமா? அவளுடைய தாத்தாவின் பழைய கறுப்புக் குடை ஒன்று அவளிடம் இருந்தது. கம்பி இரண்டு ஒடிந்தது. அதை விரித்து, விளக்குக்கும் கொடிக்கும் நடுவில் கைப்பிடிச் சுவர்க் கம்பியில் கட்டிவிட்டாள். படிக்கட்டுக்கு வெளிச்சம், பந்தலுக்கு இருட்டு. மாடிக்குத் துணி காயப்போட வருகிற பெண்கள் சிரித்தார்களாம்.

பொங்கலுக்கு லால்குடி வந்தாள். பையில் அரைக்கிலோ அவரைக்காய். அசுவினி ஒட்டிய தழும்பு அங்கங்கே இருந்தது. பரவாயில்லை, கழுவினால் போயிற்று. பரங்கி, சர்க்கரைவள்ளி, மொச்சை, கருணையோடு கூட்டுக்கு நான் அரிவாள்மணையில் உட்கார்ந்தேன். அவள் எதிரே சம்மணம் போட்டு நார் உரித்தாள். முற்றின காய் நாலைத் தனியே எடுத்து வைத்தேன். காயவைத்துச் சாம்பலில் புரட்டி ஆடிக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.

"குடைப் பக்கத்துக் காய் இதுல எது?" என்று கேட்டேன்.

"அது இன்னும் மொட்டாத்தான் இருக்கு அம்மாயி. நேத்துத்தான் பாத்தேன்."