கண்ணுக்குத் தெரியாத வாசல்

ஸலாம் கூறி, அனுமதி கிடைத்த பின்பே பிறர் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது ஸூரா அந்நூர் நமக்குக் கற்றுத்தந்த ஒழுக்கம். இன்று நம் வீடுகளுக்கு இன்னொரு வாசலும் உண்டு. அது இணையம் வரும் ரவுட்டர்.

புத்தளம், கற்பிட்டிப் பக்கத்தில் வாப்பாமார் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கிறார்கள். அங்கிருந்தே வீட்டைப் பார்ப்பதற்காகக் கமெரா பூட்டுகிறோம். "ரவுட்டர் இருக்குத்தானே, வெளியாள் வர ஏலாது" என்ற பேச்சையும் கேட்கிறோம். அது பாதிதான் உண்மை.

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் உள்முகவரி கொடுக்கிறது. பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். வெளியே தெரிவது ஒரே முகவரிதான். எந்தக் கருவி எதைக் கேட்டது என்று ரவுட்டர் குறித்து வைத்து, வரும் பதிலை அதனிடம் சேர்க்கும். கேட்காமல் வருவதற்குக் குறிப்பு இல்லாததால் அது உள்ளே போகாது. இதுவே முகவரிப் பெயர்ப்பு.

ஆனால் இது காவலுக்காக உண்டானதல்ல. பழைய முறையில் உலகுக்கே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அந்தப் பற்றாக்குறைக்காக 1990களில் வந்த ஏற்பாடு இது. புதிய ஐபிவி6 முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கிடைக்கும். அங்கே யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று பார்ப்பது தீச்சுவர்தான்.

வாசலை உள்ளிருந்தும் திறக்கலாம். யுபிஎன்பி என்ற வசதி இயங்கினால், கமெரா கேட்டவுடன் ரவுட்டர் வழிவிடும். 2016இல் மிராய் என்ற தீங்கு மென்பொருள், இணையத்துக்குத் திறந்து கிடந்த கமெராக்களிலும் ரவுட்டர்களிலும் தொழிற்சாலைக் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்தே நுழைந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்பிளிக்ஸ் முதலியவை பலருக்குத் திறக்காமற் போனதற்கு அப்படிப் பிடிபட்ட கருவிகளே காரணம்.

எங்கள் வீட்டில் உம்மாவும் ராத்தாவும் முக்காடின்றி நடமாடும் இடங்களுக்குக் கமெரா வேண்டாம் என்று முடிவெடுத்தோம். முற்றத்துக்கு மட்டும் ஒன்று. கமெரா, ரவுட்டர் இரண்டினதும் கடவுச்சொற்களை மாற்றினோம். யுபிஎன்பியை நிறுத்தினோம். வாப்பாவின் செயலி கமெரா நிறுவனத்தின் சேவையகம் வழியாக வருவதால் அவருக்குக் குறையில்லை. அந்தக் கணக்குக்கும் நீளமான கடவுச்சொல் போட்டோம்.

அரை மணித்தியால வேலைதான். தங்கைமாரே, கமெரா பூட்ட வருபவர் போகுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: கடவுச்சொல்லை மாற்றியாயிற்றா? தீச்சுவர் இயங்குகிறதா? வெளியே எந்த வழியாவது திறந்திருக்கிறதா? பதில் தெரியாவிட்டால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து நீங்களே பாருங்கள். அது நம் வீடு. அனுமதி கொடுப்பவர்களும் நாமே.