வாயு முந்தினால் பள்ளம், இறுக்கம் முந்தினால் கனம்

சிலிக்கோன் ரப்பர் நுரையை மேம்படுத்த வேண்டும் என்றதும், இன்னும் விலை கூடிய மூலப்பொருளைத் தேடுவதுதான் நம் தொழிலில் வழக்கம். நுரையின் தரம் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் முடிவு: வாயு உண்டாகும் வேகமும் ரப்பர் இறுகும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். அறை வெப்பத்தில் வார்க்கும் இருபாக நுரையில் இரண்டு வேலையும் ஒரே பாத்திரத்தில், ஒரே பிளாட்டின வினையூக்கியால் நடக்கின்றன. சிலிக்கானோடு பிணைந்த ஹைட்ரஜன், ஹைட்ராக்சிலைச் சந்தித்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பிக் குமிழ் எழும். வினைலைச் சந்தித்தால் சங்கிலிகள் பின்னி ரப்பர் இறுகும். வாயு முந்தினால் குமிழ்ச் சுவர்கள் உடைந்து நடுவில் பள்ளம் விழும். இறுக்கம் முந்தினால் குமிழ் விரியாமல் நுரை கனத்துவிடும். வார்த்த பலகையைக் கூரான பிளேடால் குறுக்கே அறுத்து லென்ஸில் பாருங்கள். அடியிலிருந்து மேல்வரை உருண்டையான, ஏறக்குறைய ஒரே அளவுக் குமிழ்கள் இருந்தால் கணக்கு சரி. நடுவில் குமிழ்கள் பெருத்துக் கிழிந்திருந்தால் வாயு முந்திவிட்டது. அடியில் கனத்த பட்டை படிந்திருந்தால், இறுகும் முன்பே திரவம் வடிந்துவிட்டது.

நல்ல கம்பெனிச் சரக்கை வாங்கினால் இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். அந்தச் சரக்கின் நேரக் கணக்கு பெரும்பாலும் 25 டிகிரி வெப்பத்துக்கு எழுதப்பட்டது. இங்கே, கொச்சியின் மட்டாஞ்சேரியில், ஏப்ரல் பகல் 30-ஐத் தாண்டும். இரண்டு வினைகளும் வேகமெடுக்கும், ஆனால் ஒரே அளவில் அல்ல. வெப்பத்தோடு ஈரமும் உண்டு: மிளகுக்கும் சுக்குக்கும் பேர்போன பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளுக்குப் பின்னாலேயே காயல். மழைக்காலத்தில் வாய் திறந்து கிடக்கும், கலவையில் சேர்க்கும் சிலிக்காத்தூள் மூட்டை ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; அந்த ஈரமும் ஹைட்ரஜனைக் கிளப்பிவிடும், கணக்கில் இல்லாத வாயு சேரும். இன்னொரு எதிரி கந்தகம். இந்த வட்டாரம் இயற்கை ரப்பர் சீமை. ரப்பர் வாரியம் விலை அறிவிக்கும் சந்தைகளில் கொச்சியும் ஒன்று. கந்தகத்தில் வெந்த ரப்பரும் லேடக்ஸ் கையுறையும் பட்ட இடத்தில் பிளாட்டினம் செயலிழந்து, நுரை இறுகாமல் பிசுபிசுக்கும். வினைல் கையுறை, தனி மேசை, மூடி இறுகிய டப்பா ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை; விலை கூடிய சரக்கு இவற்றுக்கு ஈடாகாது.

லேடக்ஸ் விளையும் ஊரில் சிலிக்கோன் எதற்கு என்ற கேள்வியும் நியாயமானது. மெத்தைக்கு லேடக்ஸ் நுரையே சிறந்தது. 1929-இல் டன்லப் ஆய்வகத்தில் பிறந்த அந்த முறையும் நேரக் கணக்குதான்: அடித்துப் பொங்கிய லேடக்ஸ் அமுங்கும் முன் சோடியம் சிலிகோஃப்ளூரைடு அதை உறைய வைக்க வேண்டும். ஆனால் 200 டிகிரியில் கேஸ்கெட்டாக நிற்க இயற்கை ரப்பரால் ஆகாது. தீ தடுக்கும் இடத்தில் வேறுபாடு இன்னும் பெரியது. 1975 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில், கேபிள் புகும் சுவர்த் துளையில் காற்றுக் கசிவைச் சோதிக்கக் காட்டிய மெழுகுவர்த்திச் சுடர், துளையை அடைத்திருந்த பாலியூரித்தேன் நுரையில் பற்றிக்கொண்டது. அதன்பின் இத்தகைய துளைகளை அடைக்க சிலிக்கோன் நுரை பரவலாகப் பயன்பட்டது. ஆனால் 1988-இல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், அந்த அடைப்புகளிலேயே வெற்றிடமும் பிளவும் காணப்படுவதாக எச்சரிக்க வேண்டியிருந்தது. பொருளை மாற்றியது சரிதான். வார்ப்பில் கவனம் இல்லையென்றால் அந்தப் பொருளும் காப்பாற்றாது.

நுரை எவ்வளவு லேசோ அவ்வளவு லாபம் என்பது கடைசி வாதம். எடை குறைந்தால் சரக்கு மிச்சம்தான். ஆனால் கேஸ்கெட்டின் வேலை அமுங்கிய பிறகும் எதிர்த்துத் தள்ளுவது. சுவர் மெலிந்த நுரை அமுக்கி வைத்தபடியே தங்கிவிடும்; அதைத்தான் கம்ப்ரஷன் செட் சோதனை அளக்கிறது. துண்டை அமுக்கிச் சூட்டில் வைத்து, விடுவித்து அரைமணி கழித்து உயரத்தை அளந்தால், எடைத் தராசு சொல்லாத உண்மை தெரியும். புதுச் சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன், ஒவ்வொரு வார்ப்புக்கும் அறை வெப்பம், ஈரப்பதம், பொங்கி முடிந்த நேரம், ஒட்டாமல் இறுகிய நேரம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். குறை எந்தப் பக்கம் என்று அந்த ஏடு காட்டிய பிறகு வாங்கும் சரக்குதான் பணத்துக்குப் பலன் தரும்.