ஒரே பொத்தான், ஓராயிரம் கட்டளைகள்

தங்கள் இல்லத்தில் புதிதாக வாங்கிய டார்ச் விளக்கு இருக்குமாயின், அதனை வீட்டின் மூத்தவர் கையில் கொடுத்து, இருட்டில் ஏற்றச் சொல்லிப் பாருங்கள். அவர் பொத்தானை அழுத்தியதும் என்ன நிகழ்கின்றது என்பதைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

என் தாயார் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். ஒரு கண்ணில் புரை நீக்கப்பட்டிருக்கின்றது. வளைகுடாவில் பணிபுரியும் என் தங்கை மகன், உம்மம்மாவுக்கென்று ஒரு டார்ச் கொண்டுவந்து கொடுத்தான். பொத்தான் ஒன்றுதான். ஆனால் மங்கல் ஒளி, நடுத்தர ஒளி, பேரொளி, படபடவென வெட்டும் ஒளி, அபாய அறிவிப்பு என்று ஐந்து நிலைகள். கடைசியாக எந்நிலையில் அணைத்தோமோ, அந்நிலையிலேயே மீண்டும் எரியும் நினைவாற்றலும் அதற்கு உண்டு. பகலில் பேரப்பிள்ளைகள் விளையாடிவிட்டு வெட்டொளியில் விட்டுச் சென்றிருந்தனர். நள்ளிரவில் மின்சாரம் இல்லை. ஒளுச் செய்ய எழுந்த தாயார் பொத்தானை அழுத்தினார்கள். “இது விளக்கா, மின்னலா வாப்பா?” என்று கேட்டவாறே அதனைப் படுக்கையில் போட்டுவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்கள். அந்த வயதில் ஒரு முறை விழுந்தால் என்னவாகும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

நான் பயின்றது வரலாறு, மின்னியல் அன்று. ஆயினும் தேடிப் படித்தேன். 1899ஆம் ஆண்டு ஜனவரியில் டேவிட் மிசெல் என்பவர் அமெரிக்காவில் கைவிளக்குக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்து மின்கலங்கள் வலுவற்றவை. விளக்கைச் சிறு பொழுதே எரிக்க இயலும். ‘ஃபிளாஷ் லைட்’ என்னும் பெயர் அதனால் வந்ததே. பின்னர் நம் வீடுகளில் புழங்கிய மூன்று கட்டை டார்ச்சை நினைத்துப் பாருங்கள். முன்னே தள்ளினால் எரியும், பின்னே இழுத்தால் அணையும். விளக்கு எந்நிலையில் இருக்கின்றது என்பதை விரலே அறிந்துகொள்ளும், கண் வேண்டியதில்லை. இன்றைய விளக்கில் அந்நிலை ஒரு சிறு சில்லுக்குள் மறைந்திருக்கின்றது. எல்.இ.டி.யை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றி, கண்ணுக்கு மங்கலாய்த் தோன்றச் செய்வதும் அச்சில்லின் வேலைதான்.

இவ்வாண்டு மருமகன் வேறொரு விளக்குடன் வந்தான். அதில் இயங்குவது ‘அன்டுரில்’ என்னும் மென்பொருள். செலின் டாய்கீப்பர் என்பவர் எழுதி, எவரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டது. (டோல்கீனின் புதினத்தில் வரும் ஒரு வாளின் பெயர் அது, விளக்குக்கு ஏன் வாளின் பெயரோ!) ஒருமுறை தட்டினால் எரியும், மீண்டும் தட்டினால் அணையும். அணைந்திருக்கையில் அழுத்திப் பிடித்தால் மிக மங்கலான ஒளியில் தொடங்கிச் சிறுகச் சிறுக வளரும். மூன்று தட்டுகளுக்கு மின்கலத்தின் வலுவைக் கண் சிமிட்டிச் சொல்லும்: நான்கு சிமிட்டல், சற்று இடைவெளி, பின் ஒரு சிமிட்டல் என்றால் 4.1 வோல்ட். நான்கு தட்டுகளில் பூட்டிக்கொள்ளும். பைக்குள் தானே எரிந்து துணியைச் சுட்டுவிடாதிருக்க இப்பூட்டு மிகவும் பயன்படும்.

எனக்குப் பிடித்தது வேறு. வேண்டிய அளவில் ஒளியை வைத்து, எரியும்போதே பத்து முறை தட்டினால், அவ்வளவை நிலையாக மனத்தில் இருத்திக்கொள்ளும். பிறகு யார் எப்படி விளையாடிவிட்டு வைத்தாலும், அடுத்த முறை அந்த ஒளிதான் வரும். இருளில் பழகிய கண், பேரொளி பட்டால் கூசிப்போய், மீண்டும் இருளுக்கு முழுதும் பழக அரைமணி நேரம்கூட ஆகலாம். ஆகவே தரை தெரியும் அளவுக்கு மட்டும் வைத்தேன்.

தாயார் இப்போது அதனைத்தான் தலைமாட்டில் வைத்திருக்கின்றார்கள். ஒரு சிக்கல் மட்டும் எஞ்சியிருக்கின்றது. தட்டுவது, பிடிப்பது என்னும் வேறுபாட்டை விளக்கு அரை நொடிக்கும் குறைந்த பொழுதில் முடிவு செய்துவிடுகின்றது. முதிய விரல் அவ்வளவு விரைவாய் மீள்வதில்லை. ஏற்றும்போது இதனால் தீங்கில்லை. மங்கல் ஒளி வரும், அவ்வளவே. அணைக்கும்போது விரல் சற்றுத் தாமதித்தாலோ, அணைவதற்கு மாறாக ஒளி கூடிவிடுகின்றது. அப்பொழுதெல்லாம் அதனைத் தலையணைக்கு அடியில் சொருகிவிட்டு, “நீயே வந்து அணை வாப்பா” என்று குரல் கொடுக்கின்றார்கள்.